எடைக்கல்லில் அடங்காத மதிப்பு

(கல்விக் கழக வெள்ளிவிழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் ஏறுவோர் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நாங்களோ உடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உடலைப் பற்றிப் பேச மருத்துவர் இருக்கிறாரே, கல்விக் கழகத்திற்கு அதில் என்ன வேலை என்று பெரியோர் சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. இந்நாட்டில் நம்மைத் தாழ்த்தியவர்கள் நம் அறிவைச் சோதித்துப் பார்த்துத் தாழ்த்தவில்லை. நம் உடலைச் சுட்டிக் காட்டித்தான் தாழ்த்தினார்கள். தொட்டால் தீட்டு என்றார்கள். நிழல் பட்டால் தீட்டு என்றார்கள். இழிவு முதலில் வந்து அமர்ந்த இடம் உடல். அவ்வுடலைப் பற்றிய மதிப்பை மீட்டுத் தராத கல்வி பாதிக் கல்வியே ஆகும்.

சென்ற சில ஆண்டுகளாக நம் மாலை வகுப்புகளில் நாங்கள் கண்டு வரும் காட்சிகளே இவ்வுரைக்குக் காரணம். மேனிலைப் பள்ளியில் பயிலும் பெண் ஒருத்தி மாதக்கணக்கில் மதிய உணவைத் தொடாமலே இருந்திருக்கிறாள். உறவினர் வீட்டு விசேஷத்தில் யாரோ அவளுடைய பருமனைச் சொல்லிச் சிரித்தார்களாம். ஒரு நாள் வகுப்பிலேயே தலைசுற்றி விழுந்தபோதுதான் செய்தி வெளியே வந்தது. மருத்துவர் இரத்தச் சோகை என்றார். மற்றொரு பக்கம், மெலிந்திருக்கிறோமே என்று வெட்கப்பட்ட இளைஞன் ஒருவன் டப்பாவில் விற்ற மாவை வாங்கித் தின்றான். சில வாரங்களில் முகம் உப்பிப் பளபளத்தது. உடம்பு தேறிவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்தார்கள். அது தேறிய உடம்பன்று, மருந்தினால் வீங்கிய உடம்பு என்பது பிறகு தெரிந்தது. ஒருத்திக்கு உடல் கூடுதல், ஒருவனுக்கு உடல் குறைவு. இருவருக்கும் நேர்ந்தது ஒன்றே. தம் மதிப்பைப் பிறர் கையிலிருக்கும் தராசில் தேடினார்கள்.

இத்தராசு இன்று நேற்று வந்ததன்று. ஆளைப் பார்த்துக் கூலி பேசிய காலத்தை இங்கிருக்கும் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். புஜத்தைப் பார்த்தும் நெஞ்சைப் பார்த்தும் இவன் எத்தனை மூட்டை சுமப்பான் என்று கணக்கிட்டார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி ஒரு கணக்குப் போட்டார். நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், அதற்கு மேல் ஓர் அணா, இது போதும் என்று 1877 தொடக்கத்தில் குறைத்துவிட்டார். கார்னிஷ் என்னும் மாகாணச் சுகாதார ஆணையர் இதனை வன்மையாக எதிர்த்தார். வேலை செய்யும் உடம்பு இதனால் தாங்காது என்று எழுதினார். உடலின் மதிப்பை ஒரு பவுண்டு என நிறுத்தவர் ஒரு வெள்ளையர். அந்நிறை தவறு என்று வாதாடியவரும் ஒரு வெள்ளையரே. கல்லுடைத்தவனை எவரும் கேட்கவில்லை.

தானியத்தை அளந்த அரசு, அடுத்துத் தலையையும் மூக்கையும் அளக்கத் தொடங்கியது. எட்கர் தர்ஸ்டன் என்பவர் 1885 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தார். அளவுக் கருவிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று மக்களின் மண்டையோட்டின் நீள அகலத்தையும் மூக்கின் நீள அகலத்தையும் குறித்துக் கொண்டார். அக்குறிப்புகள் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தன. வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி என்பவர் இதே வேலையைச் செய்தார். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் அவர். மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதியின் படி தாழும் என்பது அவர் கண்ட 'விதி'. அறிவாளிகள் பலர் இதனை அக்காலத்தில் அறிவியல் என்றே நம்பினார்கள் என்பதை இன்றைய இளைஞர் நம்புவது கடினம். மூக்கிற்கும் மானத்திற்கும் நம் பேச்சு வழக்கில் தொடர்பு உண்டு. அதற்கு இப்படியும் ஒரு பொருள் வரும் என்று நம் முன்னோர் நினைத்திருக்க மாட்டார்கள்!

இதற்கு மறுமொழி உரைத்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர் யார்' என்னும் ஆய்வு நூலில், எதிரியின் அளவுகோலையே கையில் எடுத்தார். குர்யே என்னும் பேராசிரியர் தொகுத்திருந்த மூக்களவுகளை வரிசையாக வைத்துப் பார்த்து, இந்த அளவுகளின்படியே பிராமணரும் தீண்டப்படாதவரும் ஓரினத்தவர் ஆகிறார்கள் என்று நிறுவினார். ஒருவர் ஆரியரானால் மற்றவரும் ஆரியர்; ஒருவர் திராவிடரானால் மற்றவரும் திராவிடர். ஆகவே தீண்டாமைக்கு இனம் காரணமாகாது என்பது அவர் முடிவு. எங்கள் மூக்கும் அழகானதே என்று அவர் கெஞ்சவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். மூக்கைக் கொண்டு மனிதனை மதிப்பிடும் கணக்கு கணக்காகவே தவறு என்று காட்டினார். நாம் இன்று எடையைப் பற்றிப் பேசுவதற்கும் இதுவே வழி.

உடலின்மீது இட்ட விலங்குகள் அளவுகளோடு நிற்கவில்லை. நம் பக்கத்து மாவட்டமாகிய அன்றைய இராமநாதபுரத்தில் 1930ஆம் ஆண்டு டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பல்லாண்டு போராடி, 1859ஆம் ஆண்டு சூலைத் திங்களில்தான் மேலாடை அணியும் அனுமதியை அரசாணையாகப் பெற்றார்கள். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. இவற்றை எண்ணிப் பார்த்தால், 1927ஆம் ஆண்டு டிசம்பரில் மகாடு மாநாட்டிற்கு வந்திருந்த பெண்களிடம் அம்பேத்கர் சேலைக் கட்டைப் பற்றி ஏன் பேசினார் என்பது விளங்கும். தீண்டப்படாதவர் என்று பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காட்டும் உடையையும் கனத்த நகைகளையும் விட்டுவிடுங்கள். கிழிந்ததாயினும் தூய்மையாக உடுத்துங்கள் என்ற கருத்தில் அவர் பேசினார். அடுத்த நாளே பெண்கள் சேலைக் கட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள் என்பர்.

இவ்வளவு போராடிப் பெற்ற உடலை இன்று நாமே பழிக்கிறோம் என்பதுதான் எங்கள் மனக்குறை. வெளியார் பழித்தால் வழக்குத் தொடுக்கச் சட்டம் இருக்கிறது. வீட்டிற்குள் அத்தையும் சித்தியும் பழித்தால் எந்தச் சட்டத்தைக் கொண்டு போவது?

கறுப்பைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டுச் செல்கிறோம். கரிசல் மண்ணைக் கறுப்பு என்று எவரும் இகழ்வதில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண் அது என்று பருத்தி போட்டவனுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையை மட்டுமே நம்பிய மானாவாரியில், மழை நின்ற பிறகும் மல்லியும் உளுந்தும் கம்பும் விளைவது அந்தக் கறுப்பினால்தான். அந்த மண்ணில் வெயிலில் நின்ற மனிதனின் கறுப்பு மட்டும் எப்படிக் குறையாயிற்று? 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் அது இந்நாட்டுப் பெண்களிடம் வெண்மையே அழகு என்று சொல்லி விற்றது. 2020இல் உலகெங்கும் நிறவெறி எதிர்ப்பு எழுந்தபோது பெயரிலிருந்த 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது, குழாயும் கடையும் மாறவில்லை. சென்னையில் 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்னும் இயக்கம் இதனை எதிர்த்து நல்ல பணி செய்தது. ஆயினும் கறுப்பும் அழகுதான் என்று சொல்வதோடு நின்றுவிடுவதில் எங்களுக்கு முழு நிறைவு இல்லை. அழகு என்று சான்றிதழ் வாங்கினால்தான் மனிதனுக்கு மதிப்பு என்பது அதில் மறைந்து நிற்கிறதே!

இனி எடைக்கு வருவோம்.

நம் பாட்டிமார் காலத்தில் பருமன் ஏளனத்திற்கு உரியதாக இருக்கவில்லை. குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் கன்னம் உப்பியிருந்தால் கண்ணேறு கழித்தார்கள். சதைப்பிடிப்பு என்பது அடுப்பெரிகிறது என்பதற்கு அடையாளம். ஒட்டிய வயிறும் எலும்பு தெரியும் தோளும்தான் வெட்கத்தைத் தந்தன. ஏனெனில் அவை வறுமையை ஊருக்குச் சொல்லிவிடும். கம்பங்கூழும் சோளச் சோறும் குதிரைவாலியும் தின்றவர்கள், அவற்றைத் தின்கிறோம் என்று சொல்லவே கூச்சப்பட்டார்கள். நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. இன்று அந்தக் கம்பையும் குதிரைவாலியையும் அழகிய பொட்டலமாகக் கட்டி, எடை குறையும் என்று அச்சடித்து, நகரத்துக் கடைகளில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். நாம் கூச்சப்பட்ட கஞ்சி கனவான்களின் மேசைக்கு ஏறிவிட்டது. அதைக் கண்டு சிரிப்பதா, சினப்பதா என்று தெரியவில்லை.

இடையில் நம் வாழ்க்கையும் மாறியது. களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் நாளெல்லாம் நடந்த பெண்கள் தீப்பெட்டி ஆலைகளுக்குப் போனார்கள். காலை முதல் மாலை வரை தரையில் குந்தியமர்ந்து கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் கையை ஓயவிடாத வேலை. காலுக்கோ அசைவில்லாத வேலை. அக்காலத்தில் குழந்தைகளும் அவ்வேலையில் வளைந்தார்கள். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நம் மண்ணின் எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' என்னும் திரைப்படத்தில் அந்த வாழ்வைக் காட்டியுள்ளார். உணவிலும் மாற்றம் வந்தது. நியாயவிலைக் கடையின் அரிசி வயிற்றை நிரப்பியது, அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆனால் பருப்பும் முட்டையும் காய்கறியும் அரிசியைப் போல் எளிதில் வீடு வந்து சேரவில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்த பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை உடையவர்கள். அதே ஆய்வில்தான், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 53.4 விழுக்காட்டினருக்கு, இரத்தச் சோகை இருப்பதும் தெரிய வந்தது. இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பருத்த உடலுக்குள்ளும் பட்டினி இருக்க முடியும். பருமனானவளைப் பார்த்துத் 'தின்று தின்று ஊதிவிட்டாள்' என்று சொல்பவர், அவளுடைய தட்டில் என்ன இருந்தது என்று பார்த்ததில்லை.

எடையை உயரத்தோடு ஒப்பிட்டு ஓர் எண் சொல்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு என்பது அதன் பெயர். கிலோ கணக்கில் எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் இருபடியால் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையும் 160 சென்டிமீட்டர் உயரமும் உடையவருக்கு ஏறத்தாழ 23.4 வரும். உலக வழக்கில் 25க்கு மேல் போனால் அதிக எடை. இந்தியர்க்கு 23லேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று நம் மருத்துவர்கள் வகுத்துள்ளனர். ஆகவே அதே மனிதர் விமானமேறி வேறு நாட்டில் இறங்கினால் அளவான உடம்புக்காரர் ஆகிவிடுவார்! இந்தச் சூத்திரத்தை முதலில் வகுத்தவர் மருத்துவரல்லர். பெல்ஜியம் நாட்டு வானியலறிஞரும் புள்ளியியலாளருமான கெத்தலே என்பவர் 1830களில், ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிவதற்காக வகுத்தது அது. தனி மனிதனின் நலத்தைக் கூறுவது அவர் நோக்கமன்று. 1972இல் ஆன்செல் கீஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

புனே நகரத்து மருத்துவர் யாக்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு ஒரு வேடிக்கை செய்தார்கள். இருவருடைய குறியீடும் 22.3, எள்ளளவும் வேறுபாடில்லை. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது வெள்ளையருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியான இந்தியருக்குள்ளும் நீரிழிவு பதுங்கியிருக்கக் கூடும் என்பதற்கு இது சான்று. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஊட்டம் குறைந்து, சிறிய குழந்தையாகப் பிறப்பதற்கும் இதற்கும் தொடர்புண்டு என்பது யாக்னிக்கின் நெடுநாளைய ஆய்வு. அப்படியானால், ஒல்லியாக இருப்பவனுக்குப் பாராட்டும் பருத்தவனுக்கு ஏளனமும் வழங்கும் நம் வழக்கம் மருத்துவத்திற்கும் பொருந்தவில்லை.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். உடலை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்வதை, உடலைக் கவனிக்காதீர்கள் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் தெருக்களில் வீடு வீடாக இருக்கின்றன. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் செவிலியர் வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள். கதவைத் திறந்து கையை நீட்டுங்கள். தன் உடலை மதிப்பவன்தான் அதற்கு மருந்து கொடுப்பான். வெறுப்பவன் அதைத் தண்டிப்பான், பட்டினி போடுவான், கண்ட பொடியையும் கரைத்துக் குடிப்பான். எடை கூட்டும் மாவு என்று முகவரியில்லாத டப்பாக்களில் விற்பவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலப்பவர் உண்டு. அதனால் முகம் உப்பும், பசி எடுக்கும், சில மாதங்களில் எலும்பும் சர்க்கரையும் கெடும். எடை குறைக்கும் ஆசையும் உயிரைக் கேட்கிறது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுவையைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் உடல் பருமனுக்கான அறுவைச் சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். பருமன் முற்றி நோயாகிவிட்ட சிலருக்கு அச்சிகிச்சை உயிர் காப்பதும் உண்டு. அதைச் செய்து கொள்வதா என்று தீர்மானிக்க வேண்டியது ஒருவனுடைய நோயே. ஊராரின் சிரிப்பு அன்று.

அடுத்து, காவலர் தேர்வுக்கு நம் பயிற்சி வகுப்பில் ஆயத்தமாகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு சொல். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர். நம் வகுப்பாருக்கு 167. பெண்களுக்கு 159, நம்மவருக்கு 157. ஆண்களுக்கு மார்பு 81 சென்டிமீட்டர் இருந்து, மூச்சிழுக்கையில் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். இந்த 3 சென்டிமீட்டரைச் சுட்டிக் காட்டி, 'உங்களுக்குத்தான் சலுகை உண்டே' என்று திடலில் கிண்டல் செய்கிறார்கள் என்று பலர் எங்களிடம் வருந்தினார்கள். அது சலுகையன்று, வரவேண்டிய பாக்கி என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஐந்து வயதிற்குள் சோறும் பாலும் சுத்தமான தண்ணீரும் கிடைக்காத குழந்தை தன் முழு உயரத்திற்கு வளர்வதில்லை. நாம் முன்பு கூறிய அதே ஆய்வில், இந்தியா முழுவதும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் இது ஏறத்தாழ 39 விழுக்காடு. தலைமுறை தலைமுறையாகத் தட்டிலிருந்து எடுக்கப்பட்டதே அந்த மூன்று சென்டிமீட்டர். உயரம் குறைந்ததற்கு அந்தப் பையன் நாணுவதா, எடுத்தவர்கள் நாணுவதா?

ஓர் இடைக்குறிப்பு. நம் கோவில்பட்டி வளைகோல் பந்தாட்டத்திற்குப் பெயர் பெற்ற ஊர். இவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேல், 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அரியலூரிலிருந்து வந்து இவ்வூர் விடுதியில் தங்கிப் பயின்ற கார்த்தி செல்வமும் அதே அணியில் இருந்தார். திடலில் நின்று பார்த்தால் தெரியும். முன்வரிசையில் ஓடுபவனுக்கு ஓர் உடல்வாகு, இலக்கைக் காப்பவனுக்கு வேறோர் உடல்வாகு. பயிற்சியாளர் எவரும் ஒரே அச்சில் பதினொரு பேரைத் தேடுவதில்லை.

உணவைப் பற்றிப் பேசும்போது எட்டயபுரத்தைச் சொல்லாமல் போக இயலாது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை அங்கேதான் தொடங்கி வைத்தார். சாதி பாராமல் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உண்ணும் காட்சிக்கு நம் வட்டாரம் முதலிடம் என்ற பெருமை நமக்குண்டு. அதே எட்டயபுரத்திற்கு அருகில் உசிலம்பட்டி என்னும் சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் காலை உணவு அப்படியே மிஞ்சியது. பள்ளியில் பயின்றவர்களே பதினோரு குழந்தைகள். சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் அவர் கையால் உண்ண வேண்டாம் என்று பெற்றோர் சிலர் தடுத்துவிட்டனர் என்று செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் மாவட்ட ஆட்சியரும் நேரில் சென்று, அப்பெண் சமைத்ததைக் குழந்தைகளோடு அமர்ந்து உண்டனர். பிறகு குழந்தைகளும் உண்டார்கள்.

அறுபத்தேழு ஆண்டுகளில் திட்டம் வளர்ந்தது. பருப்பும் முட்டையும் வந்தன. காலை உணவும் வந்தது. அந்த அம்மையாரின் கையைப் பற்றிய எண்ணம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அக்கை விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய கை. அது மெலிந்த கையா பருத்த கையா என்று எவரும் பார்க்கவில்லை. எந்தத் தெருவின் கை என்று மட்டும் பார்த்தார்கள். நம் பெண்களே, உங்கள் உடலை எடை பார்ப்பவர்களின் கூட்டத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளும் முன் இதை எண்ணிப் பாருங்கள். நீங்கள் எத்தனை கிலோ குறைந்தாலும், எத்தனைக் களிம்பு பூசினாலும், அன்று அந்தச் சோற்றை ஒதுக்கியவர் ஒதுக்கியே இருப்பார். அவர் பார்வையில் தேறுவதற்காக உங்கள் உடம்பை வருத்துவதில் என்ன பயன்? அந்த அம்மையார் மறுநாளும் சமைக்க வந்தார் என்பதையே நாங்கள் பெரிதாக நினைக்கிறோம்.

நேரம் கடந்துவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே கழகம் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். நம் மாலை வகுப்புகளில் ஆண்டிற்கு இரு முறை பிள்ளைகளின் உயரமும் எடையும் பார்க்கிறோம். அது தொடர வேண்டும். மெலிந்து போகும் குழந்தையை வேறெப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் எண்ணை உரக்கப் படிக்கும் வழக்கம் நிற்க வேண்டும். தனியறையில் பார்த்து, தாயிடம் மட்டும் சொன்னால் போதும். பட்டப்பெயர் சொல்லிப் பிள்ளைகளை அழைக்கும் பழக்கம் ஆசிரியர்களிடம்கூட இருக்கிறது. அன்போடுதான் அழைக்கிறார்கள், ஐயமில்லை. எனினும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரே போதுமானது.

இன்னொன்று, சற்றுக் கடினமானது. நம் கழகம் வைத்திருக்கும் திருமணத் தகவல் ஏட்டில் படிப்பு, வேலை, ஊர் ஆகியவற்றோடு 'நிறம்', 'எடை' என்று இரண்டு பத்திகள் உள்ளன. இந்த ஏட்டைத் தொடங்கிய பெரியோர் நல்லெண்ணத்தோடுதான் அவற்றைச் சேர்த்தார்கள். கேட்கிறார்களே, எழுதாவிட்டால் வரன் அமையுமா என்பது பெற்றோரின் கவலை, அக்கவலை பொய்யன்று. ஆயினும் தர்ஸ்டனின் ஏட்டில் இருந்த பத்திகளுக்கும் இவற்றிற்கும் என்ன வேற்றுமை என்று கேட்கும் தங்கைகளுக்கு எங்களால் மறுமொழி சொல்ல இயலவில்லை. அவ்விரு பத்திகளையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'மேற்கொண்டு படிக்க விருப்பமா' என்னும் கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று பெண்கள் பிரிவு எழுதிக் கொடுத்துள்ள தீர்மானம் இவ்வரங்கின் முடிவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதனை நாங்கள் வழிமொழிகிறோம்.